மொட்டை மாடிச் சாவி

எங்கள் அடுக்ககத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூட்டம். அஜெண்டாவில் மூன்றாவது ஐட்டம்: "மாடியில் உள்ள தேவையற்ற ஒயர்களை அகற்றுதல்". கட்டடத்துக்கு பெயிண்ட் அடிக்கப் போகிறார்களாம். அந்தத் தேவையற்ற ஒயர் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். பெயரைப் போடத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. எதிர் பிளாக் இரண்டாம் மாடி தாதாவுடையது.

(ஊரிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களுக்கு: கல்கத்தாவில் தாதா என்றால் அண்ணன். நம்ம ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். இவர் பள்ளிக்கூடத்தில் ஃபிசிக்ஸ் வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்.)

தாதா ஒரு ஹாம். அமெச்சூர் ரேடியோக்காரர். அரசாங்கத்தில் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே ஒரு சின்ன வானொலி நிலையம் வைத்துக்கொண்டு, உலகத்தில் இதே மாதிரி உட்கார்ந்திருக்கும் மற்றவர்களோடு பேசுகிற கூட்டம். ராஜீவ் காந்தி இதில் ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் வி.யூ.2 அல்லது வி.யூ.3 என்று ஆரம்பிக்கும். பாட்டு போடக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது, சங்கேத மொழியில் பேசி மறைக்கக்கூடாது. யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாம். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் மானம் போகிற இடத்தில் தேவைப்படும் :-)

முதலில் ஒரு குற்ற ஒப்புதல். 2018-ல் தாதா மொட்டை மாடியில் கம்பி கட்ட அனுமதி கேட்டு எழுதியபோது, முடியாது என்று பதில் கடிதம் தயாரித்தவன் அடியேன்தான். பேங்க் ஆபீசர் என்றால் எந்தச் சங்கத்துக்குப் போனாலும் பொருளாளர் பதவியைத் தலையில் கட்டிவிடுவார்கள். கூடவே, இங்கிலீஷ் நன்றாக எழுதுவான் என்று கடித வேலையும். "கட்டடத்தின் அழகு", "மின்னல் அபாயம்", "கதிர்வீச்சு குறித்து குடியிருப்போர் அச்சம்" என்று மூன்று பாயிண்ட் போட்டு, லோன் ரிஜெக்‌ஷன் லெட்டர் மாதிரி வழவழவென்று எழுதிக் கொடுத்தேன். கமிட்டியில் கைதட்டு.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், அதற்கு முந்தைய வருடம்தான் அதே மாடியில் ஒரு மொபைல் கம்பெனி டவருக்கு இடம் விட்டிருந்தோம். அப்போதும் கதிர்வீச்சுப் பேச்சு வந்தது. மாத வாடகை எவ்வளவு என்று தெரிந்ததும் கதிர்வீச்சு தானாகவே குறைந்துவிட்டது. வாடகையை வரவில் எழுதியதும் நான்தான். தாதாவின் கம்பிக்கு வாடகை இல்லை. அதுதான் அதன் குறை.

அவர் சண்டை போடவில்லை. தன் பால்கனியிலிருந்து தென்னை மரத்துக்கு மெல்லிசாக ஒரு கம்பியை இழுத்துக்கொண்டு ராத்திரியில் பேசிக்கொண்டிருந்தார்.

2020 மே 20, புதன்கிழமை. அம்பன் புயல். கல்கத்தாவில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதியம் ஆரம்பித்த காற்று நள்ளிரவு வரை ஓயவில்லை. ஊரடங்கு நேரம் வேறு. காலையில் எட்டிப் பார்த்தால் தெரு முழுக்க மரம். கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, போனில் ஒரு கட்டம் கூட இல்லை. தலைக்கு மேலே, நாங்கள் வாடகைக்கு விட்ட டவர் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் பிணம். பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் டீசல் வேண்டும். டீசல் கொண்டு வர வண்டி வேண்டும், வண்டி வர ரோடு வேண்டும். விழுந்த மரங்கள் ரோட்டோடு கேபிளையும் சேர்த்து அறுத்துவிட்டிருந்தன.

ஊரில் மாயவரத்தில் அம்மா தனியாக. டிவியில் கல்கத்தா முழுகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அவளைப் பற்றிய கவலையை விட, அவள் என்னைப் பற்றிப் படும் கவலைதான் பெரிய கவலை. பிரஷர் மாத்திரை போடுகிறவள்.

வியாழன் காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டியது தாதா. மாஸ்க், தோளில் கம்பிச் சுருள். தென்னை மரம் விழுந்துவிட்டதாம். "மாடிச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது?" என்றார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சாவியைத் தேடி எடுத்துக் கொடுக்க ஆன அந்த அரை நிமிஷம் இருக்கிறதே... போகட்டும்.

மேலே போய் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில் கம்பியைக் கட்டினோம். 66 அடி நீளம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அலையின் நீளம் சுமார் 40 மீட்டராம், அதில் பாதி இந்தக் கம்பி. காரிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரி, ஷூ பெட்டி அளவில் ஒரு ரேடியோ. அவ்வளவுதான் மொத்தச் செட்டும். டவர் வேண்டாம், எக்ஸ்சேஞ்ச் வேண்டாம், கேபிள் வேண்டாம். அலை மேலே போய், வானத்தின் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இறங்குகிறது. பி.காம். படித்த எனக்கு அதற்கு மேல் விளங்கவில்லை.

அன்றைக்கு மாடியில் முதல் வேலை நலம் விசாரிப்பு இல்லை. தெற்கே கடலோரத்தில் எங்கே கரை உடைந்தது, எந்தப் பக்கம் ரோடு இல்லை என்று வருவதைக் கேட்டு நோட்டில் எழுதினார். அதெல்லாம் முடிந்த பிறகுதான், வெளி மாநிலக் குடும்பங்கள் யார் யார், என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். நாங்கள் நான்கு வீடு. "எல்லோரும் நலம், போன் வேலை செய்யவில்லை" என்று ஒரு வரி, ஊர் நம்பர். தமிழ்நாட்டு ஹாம் ஒருவரை நேராகப் பிடிக்க முடியவில்லை. ஆந்திரக் கரையில் ஒருவர் நடுவில் நின்று வாங்கி வாங்கிக் கொடுத்தார்.

இனிமேல்தான் கதை. அந்தத் தமிழ்நாட்டு ஹாம், முகம் தெரியாத மனிதர், உடனே என் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். "அம்மா, கல்கத்தாவில் உங்க மகன் நல்லா இருக்கார்." அம்மா டக்கென்று வைத்துவிட்டாள். மறுபடி போட்டார். மறுபடி வைத்தாள். ஏன்? பத்து வருஷமாக அவள் காதில் நான் ஓதியிருந்தது அதைத்தான். தெரியாத நம்பரிலிருந்து யாராவது என் பெயரைச் சொன்னால் பேசாதே, உடனே வை, ஓடிபி கேட்பான். தமிழ்நாட்டிலேயே பயிற்சி நன்றாகப் பலித்த ஒரே கஸ்டமர் என் தாயார்தான்.

மதியம் திரும்ப வந்தது செய்தி: அம்மா நம்பவில்லை, அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு வார்த்தை சொல்லுங்கள். செக்யூரிட்டி கொஸ்டின்! வேறு எதுவும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. சின்ன வயதில் தாத்தா என்னைக் கூப்பிட்ட பெயரைச் சொன்னேன். தமிழ் ஓர் எழுத்து தெரியாத வங்காளத்து வாத்தியார், மாடி நிறைய ஜனம் நிற்க, கரகரவென்று ஒவ்வொரு எழுத்தாக ஓதினார். கிலோ, யூனிஃபார்ம், நவம்பர், டெல்டா, யூனிஃபார்ம், மைக், ஆல்ஃபா, நவம்பர், இந்தியா. குண்டுமணி. ஒட்டுக்கேட்கத் தடை இல்லாத அலைவரிசையில், இந்தியா முழுக்க எத்தனை ஹாம்கள் கேட்டார்களோ, அந்தப் பகவானுக்கே வெளிச்சம். இன்று வரை எங்கள் பிளாக் பையன்கள் என்னை 'கிலோ அங்கிள்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அம்மா நம்பினாள். எங்கள் போன் உயிர் பெற்றது சனிக்கிழமை ராத்திரி.

புயல் மட்டுமே இவர்கள் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். புயல் எப்போதோ வருகிறது. மற்ற நாட்களில் இந்த ஊர் ஹாம்கள் செய்கிற காரியம்தான் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

ஜனவரியில் கங்காசாகர் மேளா. மகர சங்கராந்தியன்று நம் வீட்டில் பொங்கல் பொங்கும் நேரத்தில், சாகர் தீவில் கபில முனி கோயிலுக்குப் பக்கத்துக் கடற்கரையில் லட்சக்கணக்கான பேர் முழுக்குப் போடுகிறார்கள். காக்த்வீப் பக்கம் வந்து, முரிகங்கா ஆற்றைப் படகில் தாண்டி, மறுபடி பஸ் ஏறி முப்பது கிலோமீட்டர் போக வேண்டும். அலை ஏற்ற இறக்கம் பார்த்துத்தான் படகு. இந்த நெரிசலில் கிழவனும் கிழவியும் கூட்டத்திலிருந்து பிரிந்துவிடுவார்கள். சிலர் பிரிக்கப்பட்டுவிடுவார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கையில் போன் இருக்காது. ஊர் பெயர் கேட்டால் மாவட்டம் தெரியாது. சொந்த பாஷை தவிர வேறு தெரியாது. மேற்கு வங்க ரேடியோ கிளப் இப்படிப்பட்டவர்களை வீடு சேர்ப்பதைப் பல வருஷமாகச் செய்து வருகிறது. பத்திரிகைகளில் நிறைய வந்திருக்கிறது. மேளாவில் மட்டுமல்ல, ஆஸ்பத்திரியிலும் ரோட்டோரத்திலும் பெயர் தெரியாமல் கிடப்பவர்களையும்.

எப்படி என்று கேட்டால் பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை. பேச விட்டுக் கேட்பார்கள். ஏதோ ஒரு ஆற்றின் பெயர், சந்தை கூடும் கிழமை, குலசாமி பெயர், இப்படி ஒரு நூல் கிடைக்கும். அதை அந்தப் பக்கத்து ஹாமுக்கு அனுப்புவார்கள். அவர் போலீஸ் ஸ்டேஷன், பஞ்சாயத்து, டீக்கடை என்று விசாரிப்பார். ரேடியோ பாதி, போன் பாதி. இப்போது வாட்ஸப்தான் அதிகம் என்று தாதாவே ஒத்துக்கொள்கிறார்.

அப்படியானால் ரேடியோ எதற்கு, ஒரு வாட்ஸப் குரூப் போதாதா என்று எங்கள் கமிட்டி செகரட்டரி கேட்கிறார். நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். நம் எல்லோரிடமும்தான் குரூப் இருக்கிறது. பள்ளிக்கூட பேட்ச் குரூப்பில் 180 பேர். அதில் "காணவில்லை" என்று ஒரு கிழவியின் படம் போட்டால் என்ன ஆகும்? கை கூப்பிய பொம்மை இருபது வரும். இன்னொரு குரூப்புக்குத் தள்ளிவிடுவோம். எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகிறவன் யார்? ஹாம் போகிறான். ஏனென்றால் கேட்கிற குரல் தினமும் காலையில் அவன் காதில் விழுந்த குரல். பதில் சொல்லாமல் இருப்பது அவர்கள் பழக்கத்தில் இல்லை. பரீட்சை எழுதி, போலீஸ் விசாரணை முடிந்து, பெயரோடும் அழைப்புக் குறியோடும் பேசுகிற கூட்டம்.

2023-ல் ஒரு நாள் தாதா என்னைக் கூப்பிட்டு ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். ஓர் ஆஸ்பத்திரியில் இருந்த வயதான பெண்மணி. "சவுத் இண்டியன்" என்று எழுதி வைத்திருந்தார்களாம், அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. கேட்டேன். "அங்கிட்டு போனவக, இங்கிட்டு வரல" என்றது குரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதுரைக்குத் தெற்கே என்று தெரிந்தது, அதற்கு மேல் தஞ்சாவூர்க்காரனான எனக்குப் பிடிபடவில்லை. லேக் மார்க்கெட்டில் எனக்கு முருங்கைக்காய் எடுத்து வைக்கிற கடைக்காரரின் மனைவி அருப்புக்கோட்டைப் பக்கம். அவரைக் கேட்க வைத்தேன். இரண்டு தடவை கேட்டுவிட்டு, அந்த அம்மா சொல்கிற சாமி பெயரை வைத்து இன்ன தாலுகாவாக இருக்கும் என்றார். அங்கிருந்து ஒன்பது நாள். மகன் கிடைத்தான், வருகிறேன் என்றான், வந்தது மகளும் மருமகனும். அந்த இடைவெளியில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை, தாதாவும் சொல்லவில்லை.

வெளியூர்த் தமிழர்களுக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது ஆண்டெனா இல்லை, அங்கிட்டு இங்கிட்டு தெரிந்த ஒரு காது. ஒவ்வொரு பெரிய ஊரிலும் நம் ஆட்கள் நாகர்கோவில், கோவை, ராமநாதபுரம், வேலூர் என்று கலந்துதான் இருக்கிறோம். சங்கத்தில் பொங்கலுக்குக் கூடுகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், பேச்சாளருக்கு விமான டிக்கெட் போடுகிறோம் (கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரியும்). ஐந்து வட்டார வழக்குக்கு ஐந்து போன் நம்பரை எழுதி உள்ளூர் ஹாம் கிளப்பில் கொடுக்க எந்தப் பட்ஜெட்டும் வேண்டாம். லைசென்சும் வேண்டாம்.

ஹாம்களை நான் ரொம்பவும் ஏற்றிப் பேசுவதாகத் தோன்றினால், குறையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஐம்பது தாண்டிய ஆண்கள். மணிக்கணக்கில் ஆண்டெனா பற்றியும் கால் வலி பற்றியும் பேசுவார்கள். கிளப்புக்குக் கிளப் மனஸ்தாபம். புதுசாக வருகிற பெண்ணிடம் "அப்பா ஹாமா?" என்பார்கள். நம் நாட்டு ஹாம்களில் இதுவரை உலகம் அதிகம் பேசிய பெயர்களில் ஒன்று ஒரு பெண்ணுடையது என்பதை இவர்களே மறந்துவிடுகிறார்கள். பாரதி பிரசாத். 2004 டிசம்பரில், ஹைதராபாதில் இருக்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவோடு அந்தமானுக்குப் போனவர். 1987-க்குப் பிறகு அங்கிருந்து ஹாம் ஒலிபரப்பே இல்லாததால் உலகம் முழுக்க ஹாம்கள் அவரோடு பேசக் காத்துக் கிடந்தார்கள். போர்ட் பிளேர் என்று அப்போது பெயர். டிசம்பர் 26 காலை பூமி ஆடியது, கடல் வந்தது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன ரேடியோ தீவுகளுக்கும் வெளியுலகத்துக்கும் இடையில் செய்தி சுமக்க ஆரம்பித்தது. அந்தமானில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

1999 ஒடிசா, 2001 கட்ச், 2015 சென்னை என்று ஒவ்வொன்றிலும் இவர்கள் இருந்தார்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் பாராட்டு, சால்வை. அப்புறம் லைசென்சுக்கு மனு போட்டவர் தபால்காரரையும் மெயிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். அமெரிக்காவில் 7 லட்சத்துக்கும் மேல் ஹாம்கள். நம் ஜனத்தொகைக்கு நம் எண்ணிக்கை சாம்பாரில் பெருங்காயம்.

எங்கள் வங்கியில் டிஆர் டிரில் என்று ஒன்று உண்டு. மெயின் கம்ப்யூட்டர் விழுந்தால் வேறு ஊரில் உள்ள கம்ப்யூட்டரில் வேலை ஓடுகிறதா என்று ஒத்திகை. ஓடாவிட்டால் மேலிடம் தோலை உரித்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கை லெட்ஜர். கரண்ட் போனால் மெழுகுவர்த்தி வைத்து எழுதினோம். இப்போது லிங்க் போனால் "லிங்க் இல்லை" என்று போர்டு மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். பணத்துக்கு இரண்டாவது வழி வேண்டும் என்று சட்டம் போட்டு வைத்திருக்கும் நாம், அம்மாவிடம் பேச ஒரே வழியை வைத்துக்கொண்டு தூங்குகிறோம். அந்த ஒரே வழியும் யாரோ டீசல் ஊற்றினால்தான்.

என் பெண்ணுக்கு இப்போது 13. பரீட்சை எழுத 12 நிரம்பினால் போதும். மோர்ஸ் இல்லாத ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்குப் படிக்கிறாள். ஆனால் மோர்ஸும் தாதாவிடம் கற்றுக்கொண்டு, டைனிங் டேபிளில் ஸ்பூனால் தட்டி என்னை ஏதோ திட்டுகிறாள். அவள் கிளாஸ் அம்மாக்கள் "கோடிங் சேர்க்கலையா?" என்று என் மனைவியை விசாரிக்கிறார்கள். இதுவும் கோட்தான் என்று அவள் சமாளிக்கிறாள்.

கூட்டத்துக்கு நான் ஒரு பேப்பர் தயார் செய்திருக்கிறேன். பழைய கடிதத்தின் நகல், டவர் வாடகை வரவு, மின்னலுக்கு எர்த்திங் போட எலெக்ட்ரீஷியன் கொடுத்த எஸ்டிமேட், பெயிண்ட் அடிக்கும் நாட்களில் மட்டும் கம்பியை இறக்கி வைக்கத் தாதாவின் சம்மதம். நாலு ஓட்டு நிச்சயம். செகரட்டரி எதிர்ப்பார். மூன்றாம் மாடி மாஷிமா என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அவருக்குப் புயலன்று அஸ்ஸாமில் இருக்கும் மகனிடமிருந்து பதில் வாங்கிக் கொடுத்தது இதே கம்பிதான், ஆனால் பெயிண்ட் கலரையும் அவர்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

மாடிச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போன வாரம் ஒரு டூப்ளிகேட் போட்டுத் தாதாவிடம் கொடுத்துவிட்டேன். கமிட்டியைக் கேட்கவில்லை.

டிஸ்கி: பின்னூட்டத்தில் யாரும் 'குண்டுமணி' என்று ஆரம்பிக்கக் கூடாது. அம்மாவும் இதைப் படிக்கிறாள்.